துண்டுக்கடியில்

மாட்டுத் தரகர் நாச்சிமுத்து சந்தையில் வாயைத் திறந்து விலை சொன்னதை யாரும் கேட்டதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் விற்பவரின் விரலைப் பிடித்து அழுத்துவார். பிடிக்கும் விரல்களின் கணக்குதான் விலை; பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாமல் பேரம் முடிந்துவிடும். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு மகள் பூவிதா பிறந்தாள். பேத்தியா என்று கேட்டவர்களிடம், மாடு கன்று போட்டதைச் சொல்வதுபோல, "கடைசி ஈத்துங்க" என்றார். குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார் டாக்டர். மூன்று வயதிலிருந்து அவள் அவருடைய நடுவிரலைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீர்ப் பானைமேல் வைப்பாள், கதவுத் தாழ்ப்பாள்மேல் வைப்பாள். அவர் உதறுவார். "வாயத் தொறந்து கேளு கண்ணு. எனக்கப்பறம் எவன் வெரலைப் புடிப்ப?"

ஆறு வயதில் அவள் அவர் கையைத் தேடுவதை விட்டுவிட்டாள். தாகமெடுத்தால் பானையருகே சும்மா நின்றாள்.

அதைப் பார்த்த மனைவி சரசாள் ஒருநாள் கேட்டாள்: "ஏனுங்க, கண்டவன் வெரலைத் தொட்டே அவன் மனசுல இருக்கறதத் தெரிஞ்சுக்கறீங்க. இவ மூணு வருசம் புடிச்சாளே, அது பேச்சுன்னு தெரியலீங்களா?"

அன்றிலிருந்து சந்தை விட்டு வந்ததும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, கைமேல் துண்டைப் போட்டு நீட்டுகிறார். நேற்று அவள் துண்டைத் தூக்கிப் பார்த்தாள். சந்தையில் அப்படிச் செய்தவனை அடித்தே துரத்துவார்கள். விரித்த ஐந்து விரல்களையும் பார்த்துவிட்டு, மறுபடி மூடி, எழுந்து பானையருகே போய் நின்றாள். அவரும் போனார். மறு கையால் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவள் குடித்து முடித்த பிறகும், துண்டு மூடிய கையை மடக்காமல் நீட்டியபடியே நின்றார்.