மூன்று புள்ளிகள், இரண்டு நிறங்கள்

அம்மா இறந்த அன்று மூண்ட சண்டைக்குப் பிறகு மங்கையும் அண்ணனும் தங்கையும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே மூவரும் ஒன்றாக வந்து கத்தியதில் அவருக்கு மூச்சுத் திணறிவிட்டது.

"பேச்சு இல்லாத ரெண்டு பேர இனிமே ஒண்ணா உள்ள விடமாட்டேன். பார்வை நேரம் காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. நீங்களே பிரிச்சுக்கிடுங்க" என்றார் டாக்டர்.

மங்கை கல்லூரியில் கணிதம் நடத்துபவள். தேர்வு அட்டவணை போடுவதும் அவள்தான். பாடங்களைப் புள்ளிகளாக வைப்பாள். ஒரே வேளையில் நடத்தக்கூடாத இரண்டைக் கோட்டால் இணைப்பாள். ஒரு கோட்டின் இரு முனைக்கும் ஒரே நிறம் வராமல் பூசுவாள். நிறம்தான் வேளை. இப்போது மருந்துச் சீட்டின் பின்புறம் மூவருக்கும் மூன்று புள்ளிகளை வைத்து, பேச்சில்லாதவர்களைக் கோட்டால் இணைத்தாள்; முக்கோணம் வந்தது. சிவப்பு காலை, நீலம் மாலை. எப்படிப் பூசினாலும் ஒரு புள்ளி வெறுமையாகவே நின்றது.

நர்ஸ் வந்தாள். "அண்ணன் காலைலதான் வருவாராம். தங்கச்சி சாயங்காலம்தானாம். அப்பா ஒங்களத்தான் கேக்காரு. நீங்க எப்பம்மா?"

மூன்றாவது நிறம் கிடையாது. ஒரு கோட்டை வேண்டுமானால் அழிக்கலாம்.

மாலையில் தங்கை வந்தபோது மங்கை வாசலில் நின்றிருந்தாள். "நானும் வாரேன் வள்ளி" என்றாள். அம்மா போன பிறகு அந்தப் பெயரை அவள் சொல்வது இதுதான் முதல் தடவை.

வள்ளி திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே போகவில்லை, கதவை விடவும் இல்லை.