சிவப்புக் கோடும் நீலக் கோடும்

முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்க் கடன் தீர்ந்ததற்கு அத்தாட்சியாகப் பச்சைமுத்து இரண்டு வருடமாகப் பெட்டிக்குள் வைத்திருந்த காகிதம், இப்போது தரையில் விரிந்து கிடந்தது.

மகள் பார்கவி ஸ்கேலை வைத்து அதில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாடம். வீட்டில் இருக்கும் ஏதாவது இங்கிலீஷ் காகிதத்தைப் படித்து, காரணத்துக்கு அடியில் சிவப்பு, விளைவுக்கு அடியில் நீலம் போட்டுவரச் சொல்லியிருந்தார் ஜூலியா மிஸ்.

காகிதத்தின் பின்பக்கம், கடன் கொடுத்த கட்டட மேஸ்திரி தமிழில் எழுதியது. அதைப் பச்சைமுத்து நூறு தடவையாவது படித்திருப்பான். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன் முதன்முதலாகத் தானே படித்தது அந்த இரண்டு வரிதான்.

முன்பக்கம் இங்கிலீஷ். அது கம்பெனிக்காரன் சமாச்சாரம் என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு யசோதா வாசற்படியில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கோதண்டராமன், பச்சைமுத்து வேலை பார்த்த அதே சைட்டில் நாலாவது மாடியிலிருந்து விழுந்து செத்தவன். நஷ்டஈடு ஒரு பைசா வரவில்லை. காக்ஸ் டவுனில் மூன்று வீட்டுக்குச் சமைத்து வயிற்றைக் கழுவுகிறாள்.

“உங்கப்பன் சாமி படத்தக்கூட இப்படிப் பத்திரமா வச்சதில்ல கண்ணு. சத்தமாத்தான் படியேன், நானும் கேக்கறேன்.”

பார்கவி வரிக்கு வரி தமிழாக்கிச் சொன்னாள். “காரணம், தொழிலாளிக்கு சேஃப்டி பெல்ட் குடுத்தும் போட மாட்டேன்னுட்டாரு. விளைவு, நாலாவது மாடியில இருந்து விழுந்துட்டாரு. ரெண்டாவது காரணம், குடிச்சிருந்தாரு. ஆகவே கம்பெனி நஷ்டஈடு தர...”

அடுத்த வரியில் கோதண்டராமன் பெயர் இருந்தது. அவள் வாய் நின்றது.

யசோதாவின் விரலிடுக்கிலிருந்த பருப்பு எகிறித் தரையில் விழுந்தது.

பச்சைமுத்துவுக்குத் தெரியும்.

அந்த சைட்டில் பெல்ட் மொத்தமே இரண்டு. இன்ஜினியர் ஃபோட்டோ எடுக்கும் நாளில் மட்டும் ஆபீஸ் பூட்டைத் திறந்து எடுப்பார்கள். கோதண்டராமன் பீடிகூடப் பிடிக்காதவன்.

அவன் விழுந்த நாலாம் நாள் மேஸ்திரி கூப்பிட்டு, கம்பெனி ஃபைலுக்கு ஒரு கையெழுத்து என்றார். கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டினார். பச்சைமுத்து அதைத் தள்ளிவிட்டு, பெருமையாகப் பேனாவைக் கேட்டு வாங்கினான்.

மேஸ்திரி தட்டிக்கொடுத்தார். அப்போதே கடனையும் விட்டுக்கொடுத்தார். அவசரத்தில், கையெழுத்தான அந்தக் காகிதத்துக்கு எடுத்து வைத்திருந்த ஜெராக்ஸின் முதுகிலேயே எழுதிக் கொடுத்தார்.

நல்ல மனுஷன் என்று இன்றைக்குக் காலைவரை நினைத்திருந்தான்.

“பாத்த சாட்சி இருக்குன்னாங்க. யாருன்னு கடைசிவரைக்கும் காட்டல. கீழ யார் பேரு கண்ணு, பாத்துச் சொல்லு.” யசோதா வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தக் காகிதம் இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்க அவளுக்கு இன்னும் தோன்றவில்லை.

காகிதத்தின் அடியில், கோணல்மாணலாக, ‘ச்’ எழுத்தின் புள்ளி எங்கோ தள்ளிப்போய், தமிழில் ஐந்தாறு எழுத்து.

பார்கவி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலையாட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவன் கை மட்டும், பேனா பிடிப்பதுபோல் மூன்று விரல் கூடி, தொடைமேல் கிடந்தது.

“தெரியல அத்தை,” என்றாள் பார்கவி. “இங்கிலீஷ்ல கிறுக்கியிருக்கு.”

எழுத்துத் தெரியாத யசோதா, அந்தப் பிள்ளை சொன்னதை நம்பினாள்.

பார்கவி காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். மேஸ்திரியின் தமிழ் மேலே வந்தது.

‘பச்சைமுத்து கணக்கு ரூ. 38,600 தீர்ந்தது. இனி பாக்கி எதுவும் இல்லை.’