யார் வைத்த வெல்டிங்?

"அண்ணா, நீங்க குடுத்த பிராக்கெட்டு ஒடஞ்சு, பலகையே உழுந்திருச்சுங்க."

தேவிப்ரியா இரண்டு இரும்புத் துண்டுகளைப் பட்டறை மேசை மேல் வைத்தாள்.

"அடியில பாப்பா ஒக்காந்து வெளையாடிட்டு இருந்தா. அப்பத்தான் தூக்கி இடுப்புல வெச்சனுங்க. அரிசி டின்னு அத்தனையும் அவ இருந்த எடத்துல வந்து உழுகுது."

மருதாசலம் மேசைப் பக்கம் வந்தார். மல்லசமுத்திரத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பலகை தாங்கும் பிராக்கெட் செய்ய ஆரம்பித்துப் பதினோரு வருடம். ஆளே ஏறி நின்றாலும் அசையாது என்று பேர். உடைந்ததென்று இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை.

ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். இரண்டு பட்டைகளும் சேரும் மூலையை விட்டு, விரற்கடை தள்ளி ஓடியிருந்தது வெல்டிங்.

"இது என்ற வேலையே இல்லீங்க அம்மிணி."

சொல்லும்போதே ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் இரும்பு எடுக்கப் போய்த் திரும்பியபோது, வெல்டிங் மெஷின் சூடாக இருந்தது.

"அமுதா, இங்க வா."

மனைவி அமுதவல்லி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். பட்டறையில் பெயின்ட் அடிப்பது மட்டும்தான் அவள் வேலை.

"நானில்லாதப்ப மெஷினத் தொட்டியா?"

அவள் மேசையைப் பார்த்தாள். "தொட்டனுங்க."

"எத்தன பீசு?"

"ஆறு மாசமா எல்லாமேதானுங்க."

மருதாசலம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதத்தில் முந்நூறு பிராக்கெட்டாவது போயிருக்கும். திருச்செங்கோடு, சூரமங்கலம், செவ்வாய்ப்பேட்டை என்று எத்தனையோ வீட்டுச் சுவர்கள். ஒவ்வொரு பலகைக்குக் கீழேயும் ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது அவருக்கு.

"பாவி, எத்தன உசுரு போவும்னு நெனச்சுப் பாத்தியா?"

"விடுங்ணா, அக்கா தெரியாமச் செஞ்சிருப்பாங்க" என்றாள் தேவிப்ரியா.

"தெரிஞ்சுதான் அம்மிணி செஞ்சேன்." அமுதவல்லி கணவன் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "உங்குளுக்குக் கண்ணு மங்கி ஆறு மாசமாச்சுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டாலும் வரமாட்டீங்கறீங்க. நீங்க வெக்கற வெல்டிங் மூலையில சேர்றதே இல்ல. நீங்க பஸ் ஏறுனதுக்கப்பறம், ஒவ்வொண்ணையும் மறுக்கா வெல்டிங் வெச்சுத்தான் பெயின்ட் அடிக்கறேன்."



"அப்ப இது?" மருதாசலம் கையிலிருந்த துண்டை நீட்டினார்.

"எங்கம்மா ஊட்டுக்கு நான் போயிருந்த அன்னிக்கு, நீங்களே பெயின்ட் அடிச்சு இவங்களுக்குக் குடுத்தீங்க. என்ற கை படாம வெளிய போனது இந்த ஒரு ஜோடிதானுங்க."