மூன்று விரல்

கருங்காலி வீட்டில் கை நனைப்பதில்லை என்ற முடிவோடுதான் அவர் விமானம் ஏறினார்.

சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். 'தப்புதான்' என்று அவர்கள் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அதுவரை பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம்.

ஊரில் அவரைத் 'தலைவர்' என்பார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். சங்கத்துக்காகப் போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சிறைக்குப் போன உடம்பும் பழையபடி தேறவில்லை. கூட நின்றவர்களில் பாதிப்பேர் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காருகிறார்கள். அவர் மட்டும் அப்படியே இருந்தார்.

எல்லாம் தாத்தா போட்ட விதை. பஞ்சாலை வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர் தாத்தா. போலீஸ் புகுந்து அடித்ததில் வலது கையில் இரண்டு விரல் போனது. மிச்சமிருந்த மூன்று விரலால்தான் பேரனின் தலையைத் தடவிக் கொடுப்பார். அந்த விரல் பட்ட தலை யாருக்கும் குனியாது என்று தலைவர் மேடைக்கு மேடை சொல்வார்.

அதே மேடையில் இன்னொன்றும் சொல்வார். தாத்தாவின் கூடப்பிறந்த தம்பி கருங்காலி. வேலைநிறுத்தத்தின் நடுவே ஆலைக்குள் போனவர். பின்வாசல் வழியாக வெளியே வரும்போது கூட்டம் பிடித்துக்கொண்டது. சட்டையெல்லாம் ரத்தம். யார் ரத்தம் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. காறித் துப்பினார்கள். அன்றைக்கே ஊரை விட்டுப் போனவர் கப்பலேறி விட்டார். போலீஸ் அடித்தது அதற்கு மறுநாள்.

'தொழிலாளியின் ரத்தம் படிந்த சட்டை' என்று தலைவர் குரலை உயர்த்தும்போது கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

அந்தத் தம்பியின் மகள் வீட்டுக்குத்தான் இப்போது வந்திருக்கிறார். தலைவருக்கு அத்தை முறை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அப்பா வழிச் சொந்தம் என்று ஒரு முகத்தையாவது பார்க்க வேண்டும் என்கிறாள் என்று அத்தை மகன் போனில் கெஞ்சியிருந்தான்.

கீழே சலவைக்கடை, மேலே வீடு. படியேறும்போது நீராவியும் சூடான துணி வாசனையும் கூடவே வந்தன. கடை தன் தாத்தா தொடங்கியது என்றான் அத்தை மகன்.

"கறையைக் கழுவுறதையே தொழிலா எடுத்துக்கிட்டாராக்கும்" என்றார் தலைவர்.

அவன் சிரித்தான். "சில கறை போகாது மச்சான். அதை முதல்லயே சொல்லித்தான் துணியை வாங்குவோம்."

அத்தையைப் பார்த்ததும் தலைவர் வாசற்படியிலேயே நின்றார். செத்துப்போன அப்பாவே சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அதே இடுங்கிய இடது கண். அத்தை எதையெதையோ விசாரித்தாள். ஆலைச் சங்கு இன்னும் ஊதுகிறதா என்று கேட்டாள். இங்கே சங்கே கிடையாது, ஆனாலும் தன் அப்பா கடைசிவரை முதல் சங்கு நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார் என்றாள்.

ஆலையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள் என்று தலைவர் சொன்னார். அந்தச் சங்குக்குத் தாத்தா வேட்டியை இறுக்கிக் கட்டுவது கண்முன் வந்து போனது.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். இளகிவிடக் கூடாது என்று தலைவர் எழுந்து நின்றார்.

"உட்காருறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எங்கப்பா அப்போ கைக்குழந்தை. பாலுக்கு வழியில்ல. அந்த நிலைமையிலயும் எங்க தாத்தா ஆலை வாசல்ல நின்னாரு. உங்க தாத்தா உள்ள போனாரு. மூணு தலைமுறையா அதுக்கு ஒரு வார்த்தை வரல."

கரண்டியும் கையுமாக வந்த அத்தை மகனின் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அவன் தாயைப் பார்த்தான். பிறகு தலைவர் முன்னால் வந்து நின்றான்.

"ஆமா மச்சான். போனது நான்தான்னு தாத்தாவே சொல்லியிருக்காரு. தப்புதான். எங்களை மன்னிச்சிடுங்க."

சண்டைக்கு வருவார்கள் என்று தலைவர் அடுக்கி வைத்திருந்த பதிலெல்லாம் வீணாகப் போனது. ஜெயித்தவருக்கு ஏனோ ஒரு மாதிரி வெறுமையாக இருந்தது.

"இப்பவாவது உட்காருங்கண்ணே, ஆறிடப் போகுது" என்றாள் அந்தப் பெண்.

உட்கார்ந்தார். பசி அப்போதுதான் தெரிந்தது. குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் பின்னால் அத்தை மெல்ல வந்து நின்று தலையில் கை வைத்தாள்.

தலைவரின் கை பாதி வழியில் நின்றது. அதே தடவல். நெற்றியிலிருந்து பிடரிவரை, அதே அழுத்தம். திரும்பிப் பார்த்தார். அத்தை இரண்டு விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தாள்.

"என்ன அத்தை இது... எங்க தாத்தா கை மாதிரி?"

"எங்கப்பா எங்களை இப்படித்தான் தடவுவாரு. ரெண்டு விரலை மடக்கிக்குவாரு. 'இது உங்க பெரியப்பா கைன்னு நினைச்சுக்குங்க'ம்பாரு."

"போலீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடியே அவர் கிளம்பிட்டாரே. அப்புறம் தாத்தாவைப் பார்க்கவே இல்லையே. விரல் போனது அவருக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா" என்று அத்தை மகன் அவசரமாகக் குறுக்கே வந்தான். "சொல்ல வேண்டாம்னு பேசி வச்சிருந்தோமே."

அத்தை அவனைக் காதில் வாங்கவில்லை. தடவுவதையும் நிறுத்தவில்லை.

"இதென்னடா கேள்வி? பால் காசுக்காக வேலைக்கு இறங்கின அண்ணனை வெளியே கூட்டிட்டு வரத்தானே எங்கப்பா ஆலைக்குள்ள போனாரு. ஓடுற மிஷின்ல மாட்டின அந்தக் கையை உருவி எடுத்ததே அவருதானே."