மூன்றாவது பிஸ்டல்

“மூண்டாவதைத்தான் எடுக்கப்போறன் அம்மா. அதுதான் இடையில இறுகாது,” என்றாள் ஜெயரூபி, போனில் இருந்த படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தேசிய அணித் தெரிவுப் போட்டிக்கு அவளுக்கென்று ஒரு பிஸ்டல் வாங்கித் தர, சுடும் கழகம் முன்வந்திருந்தது. மூன்றில் ஒன்றை அவளே தெரிவு செய்யலாம். போன வருசம் இரவல் பிஸ்டலோடு போய், கடைசிச் சுற்றில் ரவை உள்ளே இறுகிச் சுடமுடியாமல், இரண்டு புள்ளியால் அணியில் இடம் போனது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. இந்த முறையும் ஒரு தடை இருந்தது. பொலிஸின் நன்னடத்தை அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டல் பட்டியலில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும்.

பொலிஸிலிருந்து சிவில் உடுப்பில் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார் என்று சொல்லி ஒரு கிழமையாகிறது. இன்று வியாழன். மல்லாவி வீதியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும் போதெல்லாம் ஜெயரூபி வாசல் படலைக்கு ஓடினாள். ஒன்று மீன்காரன், ஒன்று பக்கத்து வீட்டு ஜனகன். திரும்பி வந்து இருப்பாள், எழும்புவாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி படலைக்குப் போவாள்.

தாய் இரஞ்சிதத்துக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. அவளுடைய காரியம் ஒன்று நேற்றே நல்லபடி முடிந்திருந்தது. மகளுக்குத் தெரியாமல் வவுனியாவில் ஒரு வங்கி உத்தியோக மாப்பிள்ளையைப் பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பகுதியிலிருந்து ஒருவர் விசாரிக்க வருவார், ஆரென்று சொல்லமாட்டார், நீயும் கேளாதே என்று தமக்கை அன்னபாக்கியம் முதலே சொல்லி வைத்திருந்தாள். கலியாண விசாரணை என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான். வந்தவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார், இருந்தவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்.

நேற்று மகள் கிளிநொச்சிக்குப் போயிருந்த நேரம் அந்த மனிதர் வந்தார். மடிப்புக் கலையாத சேர்ட், தன்மையான பேச்சு. பிள்ளையின் குணம், கூட்டாளிமார், போக்குவரத்து எல்லாம் கேட்டு ஒரு சின்னக் கொப்பியில் எழுதினார். படித்த சனம் எதையும் எழுத்தில் வைத்திருக்கும் என்று இரஞ்சிதம் மெச்சிக்கொண்டாள். பிள்ளை பிஸ்டல் சுடுகிறவாவாமே என்று அவர் இழுத்தபோதுதான் அவளுக்குப் பகீரென்றது. ஊர்வாய் வவுனியா வரைக்கும் போய்விட்டதே. வெடிச் சத்தம் கேட்டால் குசினிக்குள் ஓடி ஒளிகிற பிள்ளை என்று சத்தியம் பண்ணி, எள்ளுருண்டையும் தேத்தண்ணியும் கொடுத்து, சந்தோசமாக அனுப்பிவிட்டாள். ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவள் சொன்னது ஒன்றிரண்டுதான்.

பத்து மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் படலையடியில் நின்றேவிட்டது. இறங்கியவருக்குக் காதுவரை மீசை. மீசையைக் கண்டதுமே பொலிஸ்தான் என்று தாயும் மகளும் முடிவு கட்டிவிட்டார்கள்.

“ஜெயரூபியின்ர வீடு இதுதானே? சும்மா ஒருக்கா விசாரிச்சிட்டுப் போவம் எண்டு வந்தனான்,” என்றார் அவர்.

கதிரையைத் துடைத்து இருத்தினார்கள். பிள்ளை சனிக்கிழமைகளில் எங்கே போறவா என்று அவர் மெதுவாகக் கேட்டதுதான் தாமதம், ஜெயரூபி போனை அவர் மடியில் வைத்துவிட்டாள்.

“சுடப் போறனான். இதைப் பாருங்கோ. முதலாவது பாரமில்லை, பிடிக்கச் சுகம், ஆனால் ஒரே வகை ரவைதான் தின்னும். மற்றதைப் போட்டால் இறுகிப்போம். ரண்டாவது நல்ல வடிவு. உள்ளுக்க இருக்கிற சுருள்வில்லு உடைஞ்சால் வெளிநாட்டிலயிருந்து வரவேணும். இந்த மூண்டாவது பாரம்தான். ஆனால் இந்தச் சின்ன ரவையள் கரியும் மெழுகும் கக்கும் எல்லோ, இதை ஐஞ்சு நிமிசத்தில கழட்டித் துடைச்சுப் பூட்டலாம். கழகத்தில ஆயிரம் ரவை சுட்டுப் பாத்தனான், ஒருக்காலும் இறுகேல்லை.”

“ஆயிரமோ,” என்றார் அவர்.

இரஞ்சிதமும் விடவில்லை. இருபத்தைந்து மீற்றரில் நடுப்புள்ளி தப்பாது, கண் இமைக்கமாட்டாள், கோபத்தில் இருந்தாலும் கை நடுங்காது என்று அடுக்கினாள். நேற்றுச் சொன்ன பொய்களுக்கும் சேர்த்து இன்று உண்மை சொன்னாள். அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார்.

“இனியும் சுடுற யோசினைதானோ?”

“சாகுமட்டும்,” என்றாள் ஜெயரூபி.

அவர் ஹெல்மெட்டைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஜெயரூபிக்கு ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான் மூச்சு வந்தது. மூன்றாவதே வேண்டும் என்று பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பினாள். அந்த நேரம் இரஞ்சிதத்தின் போன் அடித்தது. அன்னபாக்கியம்.

“என்ன வேலையடி பாத்தனீ? மாப்பிள்ளையின்ர மாமன் இப்பதான் உன்ர வீட்டால வெளிக்கிட்டு எனக்குக் கோல் எடுத்தவர். இந்தச் சம்பந்தம் வேண்டாமாம்.”

“அவையின்ர ஆள் நேற்றெல்லோ அக்கா வந்தவர்.”

“நேற்று ஒருத்தரும் வரேல்லை. அந்த மீசைக்காரன்தான் அவையின்ர ஆள்.”

இரஞ்சிதம் போனை இறக்கினாள். விறாந்தையில் மகள் பிஸ்டல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல பொலிஸ்காரர் அம்மா. அறிக்கை நாளைக்கே போயிடும்.”

“அது நேற்றே போயிருக்கும் பிள்ளை,” என்றாள் இரஞ்சிதம், கதிரையில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு. “நீ பிஸ்டலைத் தொட்டும் பாத்ததில்லை எண்டு நான் சத்தியம் பண்ண, அவர் அப்பிடியே எழுதிக்கொண்டு போனவர்.”