தெத்துப்பல்

அம்மா காலையிலிருந்து வாயே திறக்கவில்லை.

டீ கொடுத்தேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மைதானத்துக்கு வந்ததும் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தங்கச்சி "வரேம்மா" என்று சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேசிய வில்வித்தை அணிக்கான கடைசித் தேர்வு. போன வருஷம் ஒரே ஒரு புள்ளியில் கை நழுவியது. இந்த முறையும் போனால் தங்கச்சியைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். வில்லையும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அது அவர்கள் கொடுத்த வில். இன்றைக்குத்தானா பெற்றவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது?

"வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. மறுபடி மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த வில் சமாசாரமே அவளுக்கு ஆரம்பத்திலிருந்து பிடிக்காது. தங்கச்சிக்குப் பிறவியிலேயே வலது கை முழங்கையோடு சரி. இடது கையில் வில்லைப் பிடிப்பாள். நாணில் கட்டியிருக்கும் தோல் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையை முன்னால் தள்ளுவாள். வாயைத் திறந்தால் அம்பு பாயும். இப்படியே போனால் இருக்கிற பல்லும் கொட்டிவிடும் என்று அம்மா புலம்பாத நாள் இல்லை.

தங்கச்சியின் வாய் சும்மா இருக்குமா? "கையைத்தான் முழுசா குடுக்கல, பல்லையாவது நேரா குடுத்திருக்கலாம்ல?" என்பாள். அம்மாவுக்கும் அவளுக்கும் வலது பக்கம் ஒரே மாதிரி தெத்துப்பல். வார் போய் உட்காருவதும் அந்தப் பல்லில்தான். நானும் அவளும் சிரிப்போம். அம்மா சிரித்ததே இல்லை.

மணி அடித்தது. கூட ஓர் ஆள் போகலாம் என்றார்கள். நான் போனேன். நாணில் வார் கட்டுவது எப்போதும் என் வேலை.

பெட்டியைத் திறந்து வாரை எடுத்தேன்.

பாதியாகச் சுருங்கிப் போயிருந்தது. கரண்டிக் காம்பு மாதிரி விறைப்பு. தங்கச்சியின் பல் மாதக்கணக்கில் கடித்துக் கடித்து உண்டாக்கிய குழிகள் எல்லாம் கோணிப்போயிருந்தன. கொஞ்சம் வளைத்தேன், வெடித்துவிட்டது.

யார் வேலை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கொதிக்கவைக்கும் வேலை. வீட்டிலும் வாயில் படுகிற எதையும் கொதிக்கவைக்காமல் விடமாட்டாள். சின்ன வயதில் என் பிளாஸ்டிக் விசிலைக் கொதிக்கவைத்து உருக்கியவள் அவள். அந்தக் கோபமே எனக்கு இன்னும் ஆறவில்லை. நேற்று தங்கச்சி வாய்ப்புண் என்று முனகினாள். அவ்வளவுதான், வாரைக் கொதிநீரில் போட்டிருக்கிறாள். கத்தியும் கத்தரியும் தாங்கும், தோல் தாங்குமா?

செய்வதையும் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பார்!

பெட்டியில் புது வார் ஒன்று இருந்திருக்க வேண்டும். புது வார் என்றால் கட்டை மாதிரி இருக்கும். வாரக்கணக்கில் மென்று மென்று பதமாக்கினால்தான் பல்லில் நிற்கும். இல்லாவிட்டால் பாதி இழுப்பிலேயே வழுக்கிவிடும். சரி, அதுவாவது இருக்கட்டும் என்று பெட்டியையே கவிழ்த்துத் தேடினேன்.

அதையும் காணோம்.

"அக்கா, வார் எங்க?" தங்கச்சியின் முகம் வெளுத்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன்.

அம்மா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தாள். காவலாளி ஏதோ கத்தினார். அவள் நிற்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள். வாய்க்குள் விரலை விட்டு, கடைவாயிலிருந்து புது வாரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

வார் துணி மாதிரித் துவண்டிருந்தது. ஓரத்தில் ரத்தம். அம்மாவின் ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

ராத்திரியெல்லாம் மென்றிருக்கிறாள். பஸ்ஸில் மென்றிருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து மென்றிருக்கிறாள். சொல்லியிருந்தால் தங்கச்சி பயந்துபோய்த் தூங்கியிருக்க மாட்டாள். நான் முத்து உதிருமா என்று கேட்டபோதும் அது அவள் வாயில்தான் இருந்திருக்கிறது.

தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

"கழுவாதேக்கா," என்றாள் தங்கச்சி. "அப்படியே கட்டு."

அப்படியே நாணில் கட்டினேன்.

புது வார் என்றால் தங்கச்சி நாக்கால் இப்படியும் அப்படியும் தள்ளி இடம் தேடுவாள். இன்று தேடவில்லை. வாரில் ஏற்கெனவே ஆழமாக ஒரு குழி விழுந்திருந்தது. அவளுடைய தெத்துப்பல் அதில் பொருந்தி உட்கார்ந்தது.

அவள் கண் ஒரு முறை அம்மா பக்கம் போய் வந்தது. பிறகு கையை முன்னால் தள்ளினாள். நாண் இழுபட்டது, நின்றது. வாய் திறந்தது.

அம்பு மஞ்சள் வட்டத்தின் நடுவில் போய்க் குத்தி நின்றது.

முதல் அம்புதான். இன்னும் எத்தனையோ பாக்கி இருந்தது. ஆனாலும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அம்மா, பார்த்தியா?" என்று திரும்பினேன்.

அம்மா இலக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் அவளுடைய தாடை மென்றுகொண்டே இருந்தது.