கரும்புகை

"மாமா, கால மெதுவா வை. இன்ஸ்பெக்டர் சொல்றப்போ மட்டும் ரேஸ் குடு. அதுக்கு மேல துளிகூட அழுத்தாத," என்றான் பரசுராமன், கார் ஜன்னலில் குனிந்து.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கோதண்டராமன் தலையை மட்டும் ஆட்டினார்.

ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரை மைதானத்தில் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. லாரிகளுக்குப் பின்னால் கோதண்டராமனின் அம்பாஸடர் டாக்ஸி. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி விற்றுவிட்டு டீசல் இன்ஜின் மாட்டிய வண்டி. பரசுராமன் தன் ஷெட்டில் அப்படி மாற்றிய முதல் வண்டியும் அதுதான். கோதண்டராமன் அவனுடைய அக்கா புருஷன். அக்காவும் அவள் மகள் ரத்னாவும் இந்த டாக்ஸியை நம்பித்தான் இருந்தார்கள்.

வேலியோரம் பாண்டுரங்கன் வெற்றிலையை மென்றுகொண்டு நின்றார். ஊரிலேயே அதிக டாக்ஸி அவருடையதுதான். "இது பாஸாவட்டும். இன்ஜின் மாத்த என் வண்டிங்க அத்தினியும் உன் ஷெட்டுக்குத்தான்," என்று பரசுராமனிடம் சொல்லியிருந்தார். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். பானட்டைத் திறந்து பார்த்தார்.

"இன்ஜினை மாத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"ஜனங்க ஏறுற வண்டி. கறுப்பா புகை வந்தா கையெழுத்து கிடையாது. தெரியுமில்ல?"

"வராது சார். நேத்து சாயங்காலம்தான் செட்டிங் முடிச்சேன்."

இன்ஜினுக்குப் போகும் டீசலைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருகி, புகை சுத்தமாக நின்ற இடத்தில் கம்பி கட்டி சீல் வைத்து, மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தான். இருந்தாலும் இன்ஜின் இன்ஜின்தானே.

இன்ஸ்பெக்டர் வெள்ளைத் துணி ஒன்றைக் குச்சியில் சுற்றி, புகைக்குழாய்க்கு நேராகப் பிடித்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்ஜின் ஒருமுறை குலுங்கிவிட்டுச் சீராக ஓடியது. துணி வெள்ளையாகவே இருந்தது.

"கொஞ்சம் ரேஸ் குடுங்க."

சத்தம் ஏறியது. துணியில் லேசாக ஒரு சாம்பல் நிறம். பரசுராமன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

"பரவாயில்லையே," என்று சொல்லி இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் கோதண்டராமன் தலையை வெளியே நீட்டினார். "ஃபுல் ரேஸ் குடுத்துக் காட்டட்டா சார்?"

பரசுராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையெழுத்துப் போடப் போகிறவரை இப்படியா கூப்பிட்டு நிறுத்துவார்கள்?

"மாமா, வேணாம். அதான் சார் பாத்துட்டாரே."

"அவரே கேக்கறாரு. குடுக்கட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆக்ஸிலேட்டர் அடிவரை இறங்கியது. குழாயிலிருந்து கன்னங்கரேலென்று புகை கிளம்பி, பின்னால் நின்ற லாரியையே மறைத்தது. இன்ஸ்பெக்டர் இருமிக்கொண்டே விலகினார். துணி அடுப்புக்கரி மாதிரி ஆகியிருந்தது.

"சார், இன்னொரு தபா பாருங்க சார். நேத்து வரல சார்," என்றான் பரசுராமன்.

இன்னொரு முறையும் பார்த்தார். அதே கறுப்பு.

"இந்த இன்ஜினோட இனிமே இங்க வராதீங்க," என்று ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினார்கள். பரசுராமன் பானட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டான். சீல் கம்பி அறுந்து தொங்கியது. ஸ்க்ரூ நன்றாக உள்ளே திருகப்பட்டிருந்தது.

அவனுக்குக் காதோரம் சூடேறியது.

"எவனோ கை வெச்சிகிறான் மாமா. ராத்திரி உன் வூட்டாண்ட யாரு வந்தா? அந்த பாபு ஷெட்டு ஆளா? என் தொழில் நெலைக்கக்கூடாதுன்னு அலையறான் அவன். இப்பவே போய் இன்னா ஏதுன்னு கேட்டுட்டு வரேன்."

ஸ்பானரோடு நிமிர்ந்தவனின் மணிக்கட்டை கோதண்டராமன் பிடித்துக்கொண்டார்.

"எவனையும் போய் கேக்காத மச்சான். நான்தான் திருகினேன்."

"இன்னா மாமா சொல்ற?"

"என் கண்ணு சரியில்ல. நேரா பாத்தா தெரியுது. ரெண்டு பக்கத்துலயும் வர்றது தெரியல. போன வாரம் ஒரகடம் கூட்ரோட்டுல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வண்டிய ஒரசிக்கினு போனப்புறம்தான் எனக்குத் தெரியும். நல்ல காலம், யாருக்கும் ஒண்ணும் ஆவல. இனிமே வண்டியத் தொடக்கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"இத எங்கிட்ட சொன்னா இன்னா? அக்காகிட்ட சொன்னா இன்னா?"

"எங்கப்பாருக்கும் இந்த வயசுலதான் கண்ணு போச்சு. அவங்கப்பாருக்கும் அப்டித்தான்." அவர் குரல் இறங்கியது. "ரத்னாவை வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வராங்க. பரம்பரை நோவுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? வண்டி போச்சுன்னு ஊரு பேசட்டும். கண்ணு போச்சுன்னு பேச வேணாம்."

பரசுராமன் பதில் சொல்வதற்குள் பாண்டுரங்கன் வந்துவிட்டார்.

"இன்னாப்பா இவ்ளோ புகை? நேத்து சுத்தமா ஓடுதுன்னு சொன்னியே. எவனாவது நோண்டிட்டானா?"

பரசுராமன் பானட்டை அழுத்தி மூடினான்.

"யாரும் நோண்டலண்ணே. என் வேலைதான் சரியில்ல. உங்க வண்டிங்கள வேற எங்கியாவது குடுத்துருங்க."